திரையில் ஒரு சவப்பெட்டி

"செத்தாலும் இந்தக் கம்ப்யூட்டரைத் தொட மாட்டேன் அக்கா," என்றான் குலாஸ். "தொட்டா சாவுன்னு அதுவே எழுதிக் காட்டுது. எப்படிப் பார்த்தாலும் எனக்குத்தான் நஷ்டம்."

அவன் அக்கா என்று அழைத்த லியோனிலா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்துகொண்டு, தாங்களே கொளுத்திய கடைக்கு நஷ்டஈடு கேட்டவர்களையெல்லாம் பிடித்துக் கொடுத்தவள். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். குலாஸ் அவளுக்கு உதவியாள், அவளை ஏற்றிக்கொண்டு போகும் மூன்று சக்கர வண்டிக்கு ஓட்டுநர். பயம் வந்தால் அவனுக்கு வாய் நிற்காது. இன்று காலை இந்த மீன் கிடங்குக்குள் கால் வைத்ததிலிருந்து அவன் வாய் மூடவே இல்லை.

திரையில் திறந்திருந்த, பேர் போடாத மெயிலில் இருந்தது இவ்வளவுதான்:

இதைத் தொட வேண்டாம். தொட்டால் சாவு நடக்கும்.

அந்த வரியின் முடிவில் சின்னதாக ஒரு பெட்டி. நாலு கோடு, நீள்சதுரம், உள்ளே வெறுமை.

"சவப்பெட்டி," என்றாள் வாசலில் நின்ற லுஸ்விமின்டா. மீன் வெட்டும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. முழங்கால் வரை வெள்ளை பூட்ஸ், தலையில் வலைத் தொப்பி, கையில் ரப்பர் உறை. உறையோடேயே சிலுவை போட்டுக்கொண்டாள். "ஒவ்வொரு தடவையும் கடைசியில ஒரு பெட்டியை வரைஞ்சுதான் அனுப்பறான் பாவி. ஜெர்வின் பையனுக்கு அப்படி ஆகறதுக்கு முன்னாடியும் இதேதான் வந்துச்சு."

ஜெர்வின் தாவாவோ நகரத்திலிருந்து வந்த கம்ப்யூட்டர் இன்ஜினியர். கிடங்கின் கண்காணிப்பு அறையில் இருந்த இந்தக் கிழட்டு யந்திரத்தின் இயங்குதளத்தை மாற்றிப் புதியது போட வந்தவன். போன வாரம் மூன்றாம் நம்பர் குளிர் அறைக்குள் யாரோ அவனை வைத்துப் பூட்டிவிட்டார்கள். உள்ளிருந்து தள்ளித் திறக்கும் குமிழையும் கழற்றி எடுத்திருந்தார்கள். கதவை யாரோ தட்டுவது போல இருக்கிறதே என்று லுஸ்விமின்டா திறந்தபோது, உறைந்த சூரை மீன்களுக்கு நடுவே அவனும் ஒரு மீன் மாதிரி கிடந்தான். அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை.

"நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க," என்றாள் கிடங்கின் உரிமையாளர் ஒஃபேலியா. புருஷன் போன பிறகு பிலிப்பைன்ஸின் ஜெனரல் சாந்தோஸ் துறைமுகத்தில் இந்தக் கிடங்கை ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்தியவள். இரவெல்லாம் தூங்காத கண். "இந்தப் பழைய சிஸ்டத்துக்கு இனிமே பாதுகாப்பு கிடையாதுன்னு அதைச் செஞ்சவங்களே கைகழுவிட்டாங்க. பக்கத்துக் கிடங்குல திருடனுங்க இன்டர்நெட் வழியா புகுந்து எல்லாத்தையும் பூட்டிட்டானுங்க, ஒரு கப்பல் மீன் நாறிப்போச்சு. புதுசு போடலைன்னா உங்க மீனே வேண்டாம்னு ஜப்பான்காரங்க சொல்லிட்டாங்க. போட்டா சாவுன்னு இது சொல்லுது. போடவா, வேண்டாமா?"

"போட்டுத்தான் ஆகணும் அக்கா, அதுவும் இன்னிக்கே," என்று உள்ளே வந்தான் அவள் தம்பி செவெரோ. கிடங்கின் மேனேஜர். கஞ்சி போட்ட சட்டை, வாசனை எண்ணெய், பதற்றமே இல்லாத முகம். "ஜெர்வின் எல்லாத்தையும் தயாரா வச்சுட்டுத்தான் படுத்தான். ஒரு பட்டனை அமுக்கணும், அவ்வளவுதான். எவனோ வேலை போனவன் பூச்சாண்டி காட்டறான்னு போலீஸே சொல்லுது. பத்து மணிக்கு நான் ஆரம்பிச்சுடறேன். நீ பாட்டுக்கு பாங்க்குக்குப் போயிட்டு வா."

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நீண்ட கூடம். மேஜை மேஜையாகப் பெண்கள் சூரையை அறுத்துக்கொண்டிருந்தார்கள். கூடத்தின் பின்சுவர் முழுக்க வெள்ளை பூத்த குழாய்கள். அவற்றுக்குள் அம்மோனியா ஓடுகிறது. குழாய்க்குள் இருக்கும்வரை மீனைக் காக்கும். வெளியே வந்தால் ஆளைத் தின்னும். குலாஸ் அந்தக் குழாய்களைப் பார்த்தான். கண்ணாடியை விட்டு ஓரடி பின்னால் வந்தான்.

"ஒஃபேலியா அம்மா," என்றாள் லியோனிலா, "இந்த மெயிலை அப்படியே குலாஸ் போனுக்கு அனுப்ப முடியுமா?"

"எதுக்கு என் போனுக்கு? உங்க போன் என்ன பாவம் பண்ணிச்சு?"

"என்னுதுல பேச மட்டும்தான்டா முடியும்."

ஒஃபேலியா அனுப்பினாள். குலாஸின் விரிசல் விட்ட போன், பழைய சாமான் சந்தையில் வாங்கியது, இடுப்பில் முனகியது. எடுத்துப் பார்த்தவன் அதைக் கொதிக்கிற சட்டி மாதிரி மேஜையில் போட்டான்.

"அக்கா! என்னுதுலயும் பெட்டி! எனக்கும் நாள் குறிச்சுட்டான் அக்கா! நான் இன்னும் கல்யாணம்கூடப் பண்ணிக்கலையே!"

லுஸ்விமின்டா மறுபடி சிலுவை போட்டாள். ஒஃபேலியா மட்டும் புருவத்தைச் சுருக்கினாள்.

"இந்தப் பெட்டியை நான் வேற எங்கேயோ பார்த்திருக்கேன்... ஆமா, என் மக மெயில்ல. துபாய்லேருந்து எழுதுவா. கடைசியில இதே மாதிரி நாலஞ்சு பெட்டி வரிசையா வரும். ஏதோ கோளாறுன்னு விட்டுட்டேன்."

"பெத்த அம்மாவுக்கு நாலஞ்சு சவப்பெட்டியா?" என்றான் குலாஸ். "என்ன பாசம்மா அது!"

லியோனிலாவின் உதடு ஓரத்தில் அன்று முதல்முறையாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "அம்மா, நான் போன் பண்ற வரைக்கும் அந்தப் பட்டனை அமுக்க விடாதீங்க. கிளம்புடா, ஆஸ்பத்திரிக்கு."

*

முற்றத்தில் வண்டியைக் கிளப்பும்போது குலாஸின் கண் பழக்கதோஷத்தில் ஆபீஸ் பின்பக்கம் போயிற்று. அங்கே செவெரோவின் சண்டைச் சேவல் கட்டியிருக்கும். ரத்தச் சிவப்பு, கழுத்தில் பொன் மயிர், ஊரே பேர் சொல்லும் சேவல், இந்தப் பக்கம் சவாரி வரும்போதெல்லாம் அவன் பார்க்கும் சேவல். இன்று கயிறு மட்டும் கிடந்தது. மக்காச்சோளம் சிந்திக் கிடந்தது.

"சார், நம்ம சாம்பியன் எங்கே?" என்று குரல் கொடுத்தான்.

படியில் நின்ற செவெரோ கையை அசைத்தான். "வீட்டுக்கு அனுப்பிட்டேன். இந்த கம்ப்ரஸர் சத்தத்துல தூங்க மாட்டேங்குது."

வண்டி மீன் சந்தையைத் தாண்டியதும் லியோனிலா வாயைத் திறந்தாள்.

"அது சவப்பெட்டி இல்லடா. பழைய மெஷினுக்குப் புது எழுத்து தெரியாது. புதுசா வந்த போன்ல சின்னச் சின்னப் படம் போட்டு அனுப்பறாங்க இல்ல, முத்தம், பூ, மூஞ்சி, அதை வரையத் தெரியாம 'எனக்குப் புரியலை'ன்னு ஒரு காலிப் பெட்டியைப் போட்டுடும். அந்த அம்மா மக அனுப்பினது முத்தம்."

"அப்போ இவன் அனுப்பினது?"

"அதைத்தான் பார்க்கப் போறோம். வேலை போன தொழிலாளி வச்சிருக்கிற போன் உன் போன் மாதிரிதான் இருக்கும். இது நல்ல புது போன் வச்சிருக்கிறவன் அனுப்பினது."

"மண்டை ஓடா இருக்கும் அக்கா. இல்லேன்னா கத்தி." குலாஸ் ஹார்னை அடித்தான், முன்னால் யாருமே இல்லை. "கத்தியைவிட பெட்டியே தேவலை. பெட்டிக்குள்ள நிம்மதியாப் படுக்கலாம்."

*

ஆஸ்பத்திரி வார்டில் இருந்த நர்ஸுக்கு வயது அதிகம் இல்லை. போன் அவளைவிடப் புதுசு. குலாஸ் பல்லைக் காட்டிக் கெஞ்சி, மெயிலை அவளுக்கு அனுப்பினான். அவள் திறந்து பார்த்து, "இதுல என்ன இருக்கு? பாவம், யாரோ கெஞ்சறாங்க," என்றாள்.

"கெஞ்சறாங்களா?"

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். அதே வரிதான். இதைத் தொட வேண்டாம். தொட்டால் சாவு நடக்கும். ஆனால் முடிவில் பெட்டி இல்லை. இரண்டு கைகள், விரலோடு விரல் சேர்ந்து குவிந்த கைகள், கும்பிட்டுக்கொண்டிருந்தன.

குலாஸ் போனை முகத்தருகே இழுத்தான். அந்த வரியை மறுபடி படித்தான். எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் கத்தி காட்டி மிரட்டிய குரல் போய், காலில் விழுந்து கதறும் குரல் கேட்டது.

"மிரட்டல் இல்லை," என்றாள் லியோனிலா மெதுவாக. "எச்சரிக்கை. நிஜமாவே சாவு வரப்போகுதுன்னு யாருக்கோ தெரியும்."

ஜெர்வின் ஜன்னல் ஓரக் கட்டிலில் கிடந்தான். இரண்டு கையிலும் கட்டு. வலது கட்டைவிரல் மட்டும் வெளியே. மூச்சு சீராக ஏறி இறங்கியது. பக்கத்து மேஜையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"யாரு வாங்கிட்டு வந்தது?"

"மேனேஜர் சார்," என்றாள் நர்ஸ். "தினமும் வருவாரு. பக்கத்துல உட்கார்ந்து தலையைத் தடவிக் கொடுத்து, எப்போ முழிப்பான், எப்போ முழிப்பான்னு கேட்டுட்டே இருப்பாரு. ரொம்ப நல்ல மனுஷன்."

நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள். குலாஸ் சும்மா நிற்க முடியாமல் சுவரைப் பார்த்தான், மின்விசிறியைப் பார்த்தான், சுவரில் செருகியிருந்த சார்ஜரைப் பார்த்தான். சார்ஜரிலிருந்து ஒரு வெள்ளை வயர் இறங்கி, கட்டில் காலோடு ஒட்டி ஏறி, போர்வைக்குள் போயிருந்தது.

"அக்கா," என்று கிசுகிசுத்தான். "மயக்கத்துல கிடக்கறவனுக்கு எதுக்கு சார்ஜ்? ஆளுக்கா ஏத்தறாங்க?"

லியோனிலா கட்டிலோரம் குனிந்தாள். "தம்பி ஜெர்வின். நீ கும்பிட்டது தெரிஞ்சுபோச்சு. அங்கே அந்த மெஷின்ல அது சவப்பெட்டியாத் தெரியுது. நீ கெஞ்சறேன்னு யாருக்கும் தெரியலை. யாரோ கொலைகாரன் மிரட்டறான்னு நினைச்சுட்டு இருக்காங்க. பத்து மணிக்குப் பட்டனை அமுக்கப் போறாங்க."

மூடியிருந்த இமைக்குக் கீழே விழி உருண்டது. பிறகு கண் திறந்தது. அப்படி ஒரு பயத்தை மனுஷக் கண்ணில் குலாஸ் அதுவரை பார்த்ததில்லை.

"பெட்டியா?" என்றான் ஜெர்வின், உலர்ந்த தொண்டையால். "ஐயோ... அந்தப் பழசுக்குப் படம் வராதுங்கறது எனக்கே தோணலையே. பத்து மணியா? அவங்களைத் தடுங்க! ஞாயித்துக்கிழமை போடணும்னு சொன்னேன், யாரும் இல்லாத நாள்ல. அம்மோனியா கசிஞ்சா சைரன் அடிக்கறதுக்கு அந்த கம்ப்யூட்டர்ல ஒரு பழைய சர்க்யூட் அட்டை இருக்கு. புது சிஸ்டத்துக்கு அந்த அட்டையை அடையாளம் தெரியாது. புது அட்டை வாங்கி மாட்டற வரைக்கும் மெஷின் குருடு. கசிஞ்சாலும் சைரன் அடிக்காது. செவெரோ சார்கிட்ட இதைச் சொன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"வேற யாரா இருந்தாலும், எப்போ கண்ணு தெரியும்னு கேப்பாங்க. அவர்..." ஜெர்வின் வார்டு வாசலைப் பார்த்துக்கொண்டான். "எவ்வளவு நேரம் குருடா இருக்கும்னு கேட்டார்."

வார்டில் எங்கோ ஒரு குழந்தை இருமியது.

"எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கலை. அந்த இடத்தை வாங்க யாரோ சுத்திட்டு இருக்காங்க, ஓனரம்மா விக்க மாட்டேன்னாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். ஒரு தடவை காஸ் கசிஞ்சு ஆபத்தாச்சுன்னா லைசென்ஸ் போயிடும், வித்துத்தான் ஆகணும், வித்தா அவருக்கும் பங்கு. போலீஸ்ல சொல்ல என்கிட்ட என்ன சாட்சி இருக்கு? ஓனரம்மாகிட்ட சொல்லலாம்னா, தம்பிக்காரன் செய்யறது அக்காவுக்குத் தெரியாம இருக்குமா? யாரை நம்பறதுன்னு தெரியாமத்தான் பேர் போடாம எழுதினேன். மூணாம் நம்பர் ரூம்ல சென்ஸார் பார்த்துட்டு வாடான்னு அவர் சொன்னார், போனேன். பின்னாடியே கதவு மூடிச்சு. இங்கே வந்தும் தினமும் வந்து தலையைத் தடவறார். கண்ணைத் திறந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். அதான் திறக்காம, போர்வைக்குள்ளேயே எழுதினேன்."

குலாஸின் வாய் தானாகத் திறந்தது. ஆனால் வந்தது கேலி இல்லை.

"அக்கா, சேவல்."

"என்ன?"

"சத்தத்துல தூங்க மாட்டேங்குதுன்னு சொன்னான். அது குஞ்சா இருந்தப்பலேருந்து அந்த கம்ப்ரஸர் பக்கத்துலயேதான் வளர்ந்தது. அந்தச் சத்தம் அதுக்குத் தாலாட்டு. சேவலை முன்னாடியே வெளியே அனுப்பிட்டான் அக்கா. அவன் அக்காவை பாங்க்குக்கு அனுப்பறான். கூடத்துல இருக்கிற பொம்பளைங்களை மட்டும் அப்படியே விட்டு வச்சிருக்கான்!"

லியோனிலா ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தாள். கிடங்கு வாசல் காவல்காரன் எடுக்கவில்லை. கண்காணிப்பு அறையில் எடுக்கவில்லை. மூன்றாவதாக ஒஃபேலியா எடுத்தாள். போன் வரும்வரை பட்டனைத் தொடாதே என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, பாங்க்குக்குப் போகும் வழியில் இருந்தாள்.

லியோனிலா சுருக்கமாகச் சொன்னாள். உங்க தம்பி என்ற இடத்தில் ஒரு நொடி தயங்கினாள், ஆனாலும் சொன்னாள்.

மறுமுனையில் தொடர்பு அறுந்தது.

"நம்பினாங்களா?" என்றான் குலாஸ்.

"தெரியலைடா. தம்பிக்குப் போன் போட்டு 'ஓடிடு'ன்னு சொல்றாங்களோ என்னவோ. ஓட்டு!"

*

அந்த மூன்று சக்கர வண்டி அப்படி ஓடும் என்று குலாஸுக்கே தெரியாது. சந்தைத் தெருவில் ஒரு கூடை வெள்ளரிக்காயைச் சிதறடித்தான். திட்டு அவன் காதை எட்டும்முன் அடுத்த தெருவில் இருந்தான்.

கிடங்கு வாசலில் காவல்காரன் இல்லை. சாப்பாடு வாங்கிவரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. கண்காணிப்பு அறையிலும் ஆள் இல்லை. திரையில் அந்த மெயில் போய், நீல வெளிச்சத்தில் ஒரு வட்டம் சுழன்றுகொண்டிருந்தது. புதிய இயங்குதளம் நிறுவப்படுகிறது, யந்திரத்தை அணைக்க வேண்டாம். பத்து மணி ஆகவில்லை. முன்னாலேயே ஆரம்பித்துவிட்டான்.

"கம்ப்ரஸர் ரூமுக்கு நான் போறேன். கூடத்துல இருக்கிறவங்களை நீ வெளியே கொண்டு போ," என்றாள் லியோனிலா.

"நானா? உள்ளேயா? அக்கா, நான்..."

அவள் போய்விட்டாள்.

குலாஸ் கூடத்தின் கதவைத் தள்ளினான். மூக்கில் ஏதோ குத்தியது. ஊசி முனை அளவுதான். கண் கரித்தது.

"எல்லாரும் வெளியே போங்க! காஸ்!"

சில பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். காலையில்தான் அவன் இதே கூடத்தில், மீன் வயிற்றுக்குள் ஒரு மாப்பிள்ளை இருக்கிறான் பாருங்கள் என்று ஒரு கிழவியை அலற வைத்திருந்தான்.

"இன்னிக்கு இது ரெண்டாவது ஜோக்காடா?" என்றாள் லுஸ்விமின்டா. "சைரனே அடிக்கலை, உனக்கு மட்டும் காஸ் தெரியுதா? போடா, வேலையைக் கெடுக்காதே."

அவன் பேச முயன்றான். பயந்தால் பேசித் தீர்க்கும் அந்த வாய், பிறந்ததிலிருந்து அவனைக் கைவிடாத வாய், ஒட்டிக்கொண்டுவிட்டது. பல் மட்டும் கடகடவென்று அடித்துக்கொண்டது. கண்ணீர் வழிந்தது. கரிப்பினாலா, பயத்தினாலா என்று அவனுக்கே தெரியவில்லை. பின்சுவரை நோக்கிக் கையை மட்டும் நீட்டினான்.

லுஸ்விமின்டா அவன் முகத்தைப் பார்த்தாள். கத்தி அவள் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"போட்டது போட்டபடி ஓடுங்கடி!" அவள் போட்ட கூச்சல் எந்த சைரனுக்கும் சளைத்ததில்லை. "ஈரத்துணியை மூக்குல வச்சுக்கோ! கிழவிகளை முன்னாடி விடு!"

வெள்ளை பூட்ஸ்கள் ஈரத் தரையில் தடதடத்தன. ஒருத்தி வழுக்கி விழுந்தாள். இருவர் அவளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். கூடம் காலியானது. வெயிலில் போய் நின்று எல்லோரும் இருமினார்கள்.

குலாஸும் வெயிலில்தான் இருந்தான். தப்பித்துவிட்டான். இனி அவன் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. ஆனால் லியோனிலா உள்ளே இருந்தாள்.

"அம்மா தாயே," என்று முனகிக்கொண்டே ஒரு துண்டை வாளித் தண்ணீரில் முக்கி முகத்தில் கட்டினான். காலைத் திட்டினான். திட்டு வாங்கிய கால் நடந்தது.

கம்ப்ரஸர் அறை வாசலில் லியோனிலா அசையாமல் நின்றிருந்தாள். அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த குலாஸ் அப்படியே நின்றுவிட்டான்.

உள்ளே செவெரோ, கையில் பெரிய ஸ்பானருடன், ஒரு வால்வின் முன் நின்றிருந்தான். முகத்தில் முகமூடி. வால்விலிருந்து வெள்ளைப் புகை நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, வெறுந்தரையில், குழாயில் முதுகைச் சாய்த்து ஒஃபேலியா உட்கார்ந்திருந்தாள். முகமூடி இல்லை. நல்ல உடுப்பு, பாங்க்குக்குப் போக உடுத்தியது. கண்ணிலிருந்து நீர் ஆறாகக் கொட்டியது.

அவள் தொடர்பைத் துண்டித்தது தம்பியை எச்சரிக்க இல்லை. பேசிக்கொண்டிருக்க நேரமில்லை என்பதால். கூடத்தைத் தொடாமல் பின்பக்க வாசல் வழியாக நேரே வால்வுக்கே வந்திருக்கிறாள்.

"எழுந்திரு அக்கா!" செவெரோவின் குரல் முகமூடிக்குள் உடைந்தது. "உனக்கு என்ன பைத்தியமா? எழுந்து போ!"

"நீ திற. நான் இங்கேதான் இருப்பேன்."

"சும்மா கொஞ்சமா விடறேன், அவங்க இருமிட்டு ஓடிடுவாங்க. யாரும் சாக மாட்டாங்க. உனக்காகவும் சேர்த்துத்தான் செய்யறேன், இந்த நாத்தத்துல எத்தனை நாள் கிடப்பே?"

"அப்போ எனக்கும் ஒண்ணும் ஆகாது. திற." இருமல் அவளை மடக்கிப் போட்டது. நிமிர்ந்தாள். "சேவலுக்கு ஆகும், எனக்கு ஆகும், அவங்களுக்கு மட்டும் ஆகாதா? அந்தப் பையனை ஐஸ்ல வச்சுப் பூட்டினியே, அவனுக்கு என்ன ஆச்சு?"

செவெரோ அவள் தோளைப் பிடித்து இழுத்தான். அவள் குழாயை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். உறைந்த குழாய், தோல் ஒட்டிக்கொள்ளும். அவள் விடவில்லை.

"இறுக்குடா," என்றாள். சத்தமே இல்லாத குரல்.

லியோனிலா ஓரடி முன்னால் வைத்தாள். "கூடம் காலி, செவெரோ. இனி நீ கொல்லக்கூடியது உங்க அக்காவை மட்டும்தான்."

செவெரோ ஸ்பானரைக் கை மாற்றிப் பிடித்தான். அந்த ஒரு கணம் குலாஸுக்கு ஒரு ஜென்மமாக இருந்தது. அதை ஓங்குவானா, திறப்பானா? செவெரோ வால்வைப் பிடித்தான். திருப்பினான். ஸ்பானர் கிறீச்சிட்டது.

வெள்ளை நூல் மெலிந்தது. அறுந்தது.

இறுக்கி முடித்த பிறகும் அவன் திருப்பிக்கொண்டே இருந்தான். லியோனிலா ஸ்பானரை வாங்கவேண்டியிருந்தது. குலாஸ் தன் முகத்துத் துண்டை அவிழ்த்து ஒஃபேலியாவின் கண்ணில் ஒத்தினான். குழாயிலிருந்து அவள் கையைப் பிரிக்கும்போது அவள் கத்தவில்லை. தம்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

*

செவெரோவைப் போலீஸ் கொண்டுபோனது. திரையில் புதிய இயங்குதளம் அழகான மலைப் படத்தோடு மலர்ந்து, எல்லாம் நலம் என்றது. அது குருடாக இருப்பது அதற்கே தெரியாது.

"இதுக்குக் கண்ணு வர்ற வரைக்கும் ஒருத்தரும் உள்ளே வரக்கூடாது," என்றாள் ஒஃபேலியா. "குழாயை எல்லாம் காலி பண்ணுங்க. இருக்கிற மீனைத் துறைமுகத்துல யாரு எடுத்துக்கறாங்களோ கொடுத்துடுங்க. ஜப்பான்காரங்க காத்திருக்கட்டும். முடியாதுன்னா போகட்டும்."

ஞாயிற்றுக்கிழமை மணிலாவிலிருந்து புது அட்டை வந்து சேர்ந்தது. ஜெர்வின் கட்டுப் போட்ட கையோடு வந்து உட்கார்ந்து வாயால் வேலை வாங்கினான். குலாஸ் திருகாணி முடுக்கினான். திருகாணி கை தவறி மூன்று முறை உள்ளே விழுந்தது.

"உன் கையா, நடுங்கற கோழியா?" என்றாள் லியோனிலா.

"அக்கா, இதுவரைக்கும் நான் வண்டிக்கு மட்டும்தான் ஆபரேஷன் பண்ணியிருக்கேன். அது ஒருநாளும் காஸ் விட்டு என்னைக் கொல்லப் பார்த்ததில்லை. புகை விடும், அவ்வளவுதான்."

வேலை நாள் இல்லை. யாரையும் வரச் சொல்லவும் இல்லை. ஆனால் மாதா கோயில் பூசை முடிந்து, ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு, லுஸ்விமின்டாவும் மற்றப் பெண்களும் வாசலுக்கு வெளியே வந்து நின்றிருந்தார்கள். யாரும் உள்ளே நுழையவில்லை. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

"இப்போ அமுக்கலாமா?" என்று கேட்டாள் ஒஃபேலியா. அவள் உள்ளங்கையிலும் கட்டு இருந்தது.

"இப்போ அமுக்கலாம்மா," என்றான் ஜெர்வின்.

அவள் யந்திரத்தின் பட்டனை அமுக்கினாள். திரை ஒருமுறை இருண்டு ஒளிர்ந்தது. ஜெர்வின் அம்மோனியாவில் தோய்த்த பஞ்சை நீளக் குச்சியில் செருகி, கூடத்துச் சுவரில் இருந்த சென்ஸாரின் அருகே கொண்டுபோகச் சொன்னான். லியோனிலா கொண்டுபோனாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. ஒஃபேலியாவின் முகம் வெளுத்தது.

சைரன் அலறியது.

துறைமுகம் முழுக்க நாரைகள் எழும்பின. அந்தச் சத்தத்தைக் கேட்டால் பூட்ஸைக்கூட விட்டுவிட்டு ஓடும் பெண்கள் அன்று ஓடவில்லை. கம்பிக் கதவைப் பிடித்தபடி கேட்டார்கள். லுஸ்விமின்டா கைதட்ட ஆரம்பித்தாள். எல்லோரும் தட்டினார்கள். ஜெர்வின் கட்டுப் போட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டான். ஒஃபேலியா பல நாளுக்குப் பிறகு ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

லியோனிலா திரும்பிப் பார்த்தாள். "குலாஸ் எங்கே?"

குலாஸ் அதற்குள் மீன் சந்தையைத் தாண்டியிருந்தான். வண்டியைக்கூட எடுக்கவில்லை.